பனி இல்லாத மலையில் பனிச்சறுக்குப் பயிற்சி

மாணவர்களே, தொங்கா என்ற தீவு நாட்டில் பனியே பெய்வதில்லை. ஆனாலும், 2018-ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், அந்நாட்டின் பீட்டா தௌஃபதோஃபுவா 15 கிலோமீட்டர் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். ஓட்டத்தை முடித்த 116 பேரில் அவருக்கு 114-ஆவது இடம். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி தார்ச் சாலையில்தான் நடந்தது. அதற்குக் கைகொடுத்த கருவி ரோலர் ஸ்கீ எனப்படும் சக்கரச் சறுக்குக்கட்டை. (நம் மலேசியாவும் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் அடியெடுத்து வைத்தது அதே 2018-இல்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா?)

சக்கரக் காலணியைப் போல இதை நினைத்துவிடாதீர்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளத்தைவிடச் சற்று நீண்ட ஒரு தண்டு. அதன் முன்னும் பின்னும் சக்கரங்கள். நடுவில் காலணியின் முனை மட்டும் பூட்டப்பட்டிருக்கும், குதிகால் மேலெழும். இரு கைகளிலும் ஊன்றுகோல்கள். ஐரோப்பாவில் பொழுதுபோக்காகச் சறுக்குபவர்கள்கூட, பனி உருகிய பின் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இதில்தான் உடலைத் தயார்ப்படுத்துகிறார்கள்.

இதில் சுவையான அறிவியல் சக்கரத்தில் இருக்கிறது. ரப்பர் சக்கரம் தரையில் அழுந்தும்போது சற்று நசுங்கி, பிறகு பழைய வடிவுக்கு வருகிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிப் போகிறது. இதுவே உருளல் தடை. பனியில் சறுக்கும்போது உள்ள தடைக்கு நிகராக வரும்படி ரப்பர் கலவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் கால் மணி நேரத்தில் சக்கரம் சூடேறச் சூடேறத் தடை குறைந்து வேகம் கூடும். பால்மரக் காடுகளில் நம் தாத்தா பாட்டி சீவிய பாலுக்கு இப்படியும் ஒரு பயன்!

சரி, இதை நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பழகலாமா?

முதலில் நல்ல செய்தி. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை வெப்பம் குறைவதால், அடிவாரத்தைவிட அங்கே சுமார் 9 பாகை குளிர்ச்சி. நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அதைத் தணிக்கக் குளிர்ந்த காற்று உதவும். 'உயரமான இடம், ஆக்சிஜன் குறைவு, அதனால் இரத்தம் வலுவாகும்' என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பலனுக்கு இந்த உயரம் போதாது. இன்னும் மேலே பல வாரங்கள் தங்க வேண்டும். கேமரன் மலை தரும் பரிசு குளிர்ச்சிதான்.

இனி ஆபத்துக்கு வருவோம். பெரும்பாலான சக்கரக்கட்டைகளில் பிரேக் கிடையாது. படிவம் நான்கில் படித்ததை வைத்துக் கணக்கிடுங்கள். 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவு. உருளல் தடை உடல் எடையில் 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து வெறும் 21 மீட்டர் உருண்டாலே வேகம் வினாடிக்கு 5 மீட்டரை, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அங்கே சாலை சமதளமானால், தானாக நிற்க இன்னும் சுமார் 64 மீட்டர் வேண்டும்! தோட்டத்துச் சாலையில் அவ்வளவு நேரான தூரம் எங்கே இருக்கிறது? ஒரு லோரி மட்டும் போகும் அகலம். வளைவுக்கு அப்பால் கொழுந்து மூட்டைகளோடு ஒரு வாகனம் வரலாம். தாப்பாவிலிருந்து ஏறிவரும் பெருஞ்சாலையோ இதற்கு அறவே ஆகாது.

ஆகவே திட்டத்தின் முதல் விதி: சக்கரத்தில் ஏறலாம், இறங்கக் கூடாது. மேலே போனதும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோ, வாகனத்திலோ கீழே வர வேண்டும். தோட்ட நிருவாகத்தின் அனுமதி, தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு, பளிச்சென்ற மேலாடை, கூடவே பெரியவர் ஒருவர். இவை இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

நேரம் காலையாக இருக்கட்டும். பிற்பகலில் அங்கே அடிக்கடி மழை. ஈரத் தாரில் ஊன்றுகோலின் உலோக முனை வழுக்கும், சக்கரமும் பிடி தராது. அக்டோபர், நவம்பரில் மழை இன்னும் வலுக்கும் என்பதால் சக்கரப் பயிற்சியின் பெரும்பகுதியை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

வாரத்தில் இரண்டு நாள் சக்கரம் போதும். ஒரு நாள், பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான வேகத்தில் ஒரு மணி நேரம். மறுநாள், மிதமான ஏற்றத்தில் நான்கு நிமிடம் கடும் முயற்சி, மூன்று நிமிடம் ஓய்வு என நான்கு சுற்று. இடையில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். தோளும் முழங்கையும் இந்த வேலைக்குப் பழகியவை அல்ல.

மற்ற நாள்களுக்கு, என்னைக் கேட்டால், சக்கரமே வேண்டாம். இரண்டு ஊன்றுகோல்களோடு தேயிலைச் சரிவில் விறுவிறுவென ஏறுங்கள். பனிச்சறுக்கு வீரர்கள் கோடையில் செய்யும் பயிற்சிதான் இது. கையும் காலும் ஒருசேர உழைக்கும். இதயத் துடிப்பு நன்றாகவே எகிறும். நிற்க வேண்டுமென்றால் ஓர் அடியில் நின்றுவிடலாம்.