மெனு எங்க இருக்கவேணும்?

போன கிழமை எபிசோட்டில் பழைய கொம்பியூட்டர்களின் விண்டோக்களைப் பற்றிக் கதைச்சனாங்கள். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

வால்தம்ஸ்டோவில் எங்கட பெரியப்பா வீட்டு லாஃப்ட். பழைய சூட்கேஸுகளுக்குப் பின்னால் ஒரு ஏகோர்ன் ஏ3000 கிடந்தது. ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று கழிச்சதை அவர் அந்தக் காலத்தில் வாங்கி வந்தவராம். பிளக்கைக் குத்தினோம். ரிஸ்க் ஓஎஸ் ரோம் சிப்பிலேயே இருப்பதால் சில விநாடிகளில் டெஸ்க்டாப் வந்திட்டுது. ஆனால் மெனுவைக் காணேல்ல. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பெரியப்பா சிரிச்சார். "மவுஸில நடுப் பட்டனை அமத்து, பிள்ளை." அமத்தினேன். அம்புக்குறி நின்ற இடத்திலேயே மெனு விரிஞ்சுது.

மெனுவை எங்கே வைப்பது? 1980களில் இந்த ஒரு கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது.

1984இல் வந்த மெக்கின்டொஷில் ஸ்கிறீனின் மேல் விளிம்பில் ஒரே மெனு. விளிம்பைத் தாண்டி அம்புக்குறி போகாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு மவுஸை மேலே தள்ளினாலும் மெனுவில் போய் நிற்கும். ஸ்கிறீனும் சின்னது, 512×342 புள்ளிகள்தான். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

1985இல் வந்த விண்டோஸ் 1.0, ஒவ்வொரு விண்டோவுக்கும் அதன் சொந்த மெனுவைக் கொடுத்தது. எந்த மெனு எதனுடையது என்ற குழப்பம் இல்லை. ஆனால் இடம் பிடிக்கும். அதோடு, அந்த விண்டோக்கள் தரையில் பதித்த டைல்ஸ் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று வர 1987இன் 2.0 வரை பொறுக்கவேண்டியிருந்தது.

பல்கலைக்கழகங்களில் இருந்த சன் வொர்க்ஸ்டேஷன்களில் ஸ்கிறீன் 1152×900. அங்கே மேல் விளிம்பு நல்ல தூரம். எம்ஐடியில் 1984இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ சிஸ்டம் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. விண்டோவை வரைந்து தருவேன், நெட்வொர்க்கில் வேறொரு மெஷினில் ஓடும் புரோகிராமையும் உன் ஸ்கிறீனில் காட்டுவேன். மெனுவை நீயே பார்த்துக்கொள் என்று விட்டது. அதனால் ஒரே ஸ்கிறீனில் இரண்டு புரோகிராம்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

கேம்பிரிட்ஜில் ஏகோர்ன் 1989இல் வெளியிட்ட ரிஸ்க் ஓஎஸ் 2, மவுஸின் மூன்று பட்டன்களுக்கும் வேலை கொடுத்தது: செலக்ட், மெனு, அட்ஜஸ்ட். மெனு அம்புக்குறியிலேயே வருவதால் தூரம் பூச்சியம். ஸ்க்ரோல் அம்பை அட்ஜஸ்டால் அமத்தினால் எதிர்ப் பக்கம் போகும். ஃபைலை சேவ் பண்ண அதன் ஐகனை இழுத்து ஃபோல்டருக்குள் போட்டால் போதும். பழகின கைக்கு இதைவிட வேகமானது அப்போது குறைவு.

ஆனால் பழகாத கைக்கு? எனக்கு நடந்ததுதான். மெக்கின் மெனு கண்ணுக்குத் தெரியும், ஆனால் கை அங்கே போகவேணும். ரிஸ்க் ஓஎஸ் மெனு கைக்குக் கிட்ட இருக்கும், ஆனால் ஆராவது சொல்லித் தரவேணும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லித் தந்தா. ஒஃபிசில் இருந்ததோ விண்டோஸ்.

ஏகோர்னின் டெஸ்க்டாப் தோற்றது, சிப் வென்றது. அந்த ஆர்ம் சிப்பின் வாரிசுதான் உங்கள் போனுக்குள் இருக்கு. பழைய கேள்வியும் கூடவே வந்திருக்கு: லோங் பிரஸ், ஸ்வைப் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத மெனுக்கள்தானே? அம்மா போனை நீட்டி "இது எங்க பிள்ளை இருக்கு?" என்று கேட்கும்போது எரிச்சல்படாதேங்கோ. பிழை அம்மாவில் இல்லை. உங்களுக்கும் ஆரோ ஒருநாள் நடுப் பட்டனைக் காட்டினவை.

தொட்டுப் பார்க்க ஆசையா? ரிஸ்க் ஓஎஸ் 2018 முதல் ஓபன் சோர்ஸ். ராஸ்பெரி பையில் இலவசமாக ஓடும். பழைய மெஷின்களையே பார்க்கவேண்டுமென்றால் டொட்டன்ஹாம் ஹேலில் ரயிலேறி, கேம்பிரிட்ஜின் கம்ப்யூட்டிங் ஹிஸ்டரி மியூசியத்துக்குப் போங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு.