ஸ்கேன் எடுத்த பத்திரம் எங்கே?

வீட்டுக்குப் பிரின்டர் வந்த முதல் வாரத்திலேயே பீரோவில் இருக்கும் பாதிக் காகிதம் அதன் கண்ணாடிமேல் ஏறி இறங்கிவிடும். கிரையப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அப்பாவின் ஓய்வூதிய ஆணை என்று எதையும் விடுவதில்லை. பல மாதம் கழித்து விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரும்போது மகன் கேட்பான்: "அம்மா, என் டிசிய ஸ்கேன் பண்ணி வச்சீங்களே, எங்க இருக்கு?" அம்மாவுக்கும் தெரியாது.

கோப்பு தொலைந்திருக்காது. எந்த வழியாக ஸ்கேன் எடுத்தோமோ அந்த வழிக்குரிய இடத்தில் கிடக்கும். விண்டோஸில் 'ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்' மூலம் எடுத்தால் டாக்குமென்ட்ஸுக்குள் 'ஸ்கேன்ட் டாக்குமென்ட்ஸ்' என்ற ஃபோல்டருக்குப் போகும். மைக்ரோசாஃப்டின் 'ஸ்கேன்' செயலியில் எடுத்தால் பிக்சர்ஸுக்குள் 'ஸ்கேன்ஸ்'. மேக் கணினியின் 'இமேஜ் கேப்சர்' வழக்கமாகப் பிக்சர்ஸில் வைக்கும். பிரின்டர் கம்பெனி தரும் மென்பொருள் தனக்கென ஓர் இடம் வைத்திருக்கும். ஃபோன் வழியாக எடுத்தது ஃபோனிலேயே தங்கிவிடும். ஒன்டிரைவ் இணைந்த கணினியில் இன்னொரு சிக்கலும் உண்டு: டாக்குமென்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கலாம். நாம் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம், கோப்பு மற்றொன்றில் இருக்கும்.

இதற்கு எளிய வழி, ஒரு வெற்றுத்தாளை வழக்கமாக எடுக்கும் அதே முறையில் இப்போதே ஸ்கேன் செய்வது. பிறகு கணினி முழுவதிலும் பிடிஎஃப், படக் கோப்புகளைத் தேடி, கடைசியாக மாறிய தேதிப்படி வரிசைப்படுத்த வேண்டும். அந்த வெற்றுத்தாள்தான் முதலில் நிற்கும். அது விழுந்த ஃபோல்டரைத் திறந்தால் பழையவையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அந்தக் கையோடு மென்பொருளின் அமைப்புக்குப் போய், இனி வருவதெல்லாம் 'வரவு' என்று நீங்கள் உண்டாக்கிய ஒரே ஃபோல்டருக்கு வரும்படி மாற்றிவிடுங்கள்.

தேடுவது இத்துடன் முடிந்தது. பெயர் வைப்பதுதான் பெரிய வேலை, பெரும்பாலான வீடுகளில் நடக்காமல் போகிற வேலையும் அதுதான். மென்பொருள் தானாக 'ஐஎம்ஜி001', 'ஸ்கேன்0007' என்று போட்டுக்கொண்டே போகும். எடுத்தவருக்கு அன்றைக்கு அது எது என்று தெரியும். ஆனால் நாளை தேடப்போகிறவர் பெரும்பாலும் அவராக இருக்க மாட்டார். மனைவியோ மகளோ, வெளியூரில் இருக்கும் தம்பியோ தேடுவார்கள். அவர்கள் இடத்திலிருந்து யோசித்துத்தான் நாம் பெயர் வைக்க வேண்டும்.

பெயரின் தொடக்கத்தில் தேதி வரட்டும்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இதையே சொல்கிறது. நாளை முதலில் எழுதினால் 1998 ஜனவரியும் 2023 ஜனவரியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத வேண்டியது ஸ்கேன் எடுத்த தேதியை அல்ல. அதைக் கணினியே குறித்து வைத்திருக்கிறது. ஆவணத்தில் இருக்கும் தேதியை எழுத வேண்டும்.

இதன் பலன் நிலம், வீட்டுக் காகிதங்களில் நன்றாகத் தெரியும். ஒரு சொத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்து, '1974-03-11 தாய்ப்பத்திரம்', '1996-08-22 கிரையம்', '2008-02-05 செட்டில்மென்ட்' என்று பெயரிட்டுப் பாருங்கள். சொத்து கைமாறி வந்த வரலாறு மேலிருந்து கீழாக அப்படியே வரிசையாக நிற்கும். வங்கிக் கடனுக்குப் போனால் வக்கீல் கேட்பது இந்தத் தொடர்ச்சியைத்தான். நடுவில் ஒரு பத்திரம் இல்லையென்றால் அந்த இடைவெளி நமக்கே முதலில் கண்ணில் படும். வில்லங்கச் சான்றுக்கு மட்டும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பார்க்கப்பட்டது என்பதையும் பெயரில் சேர்த்துவிட்டால் திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

பத்திரங்களை வீட்டு பிரின்டரில் எடுக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். முத்திரைத்தாள் பெரும்பாலும் ஏ4 தாளைவிட நீளம். வீட்டு ஸ்கேனரின் கண்ணாடியோ ஏ4 அளவுதான். கீழே இரண்டு மூன்று வரி வெட்டுப்பட்டுப் போனதை யாரும் கவனிப்பதில்லை. கையெழுத்து இருப்பது அந்த இடத்தில்தான். இரண்டு பகுதியாக எடுங்கள், அல்லது பெரிய கண்ணாடி உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். தாளின் பின்பக்கத்தையும் விடக்கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையும் குறிப்பும் பல பத்திரங்களில் அங்கேதான் இருக்கும். பன்னிரண்டு பக்கப் பத்திரம் என்றால் அத்தனையும் ஒரே பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும்.

ஆவணத்துக்கு 300 டிபிஐ தாராளம். அந்த அளவில் ஒரு ஏ4 தாள் 2480-க்கு 3508 புள்ளிகளாகப் பதியும், பொடி எழுத்தும் தெளிவாகத் தெரியும். பழைய புகைப்படங்களுக்கு 600 வைக்கலாம். கோப்பு நான்கு மடங்கு பெரிதாகும் என்றாலும் பாட்டியின் கல்யாணப் படத்துக்கு அது தகும்.

விண்ணப்பத்துக்காகக் கோப்பைச் சுருக்குகிறவர்கள் மூலக்கோப்பையே சுருக்கிவிடுகிறார்கள். டிஎன்பிஎஸ்சி-யில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று கேட்பார்கள். அதற்கு ஒரு நகல் எடுத்துச் சுருக்கி, 'அனுப்பியவை' என்ற தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒருமுறை சுருக்கிய படம் பழையபடி தெளிவாகாது. வீட்டில் வைத்துக்கொள்ளும் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், யுனிகோடில் தட்டினால் தேடலில் வந்துவிடும். சில இணையதளங்கள் தமிழ்ப் பெயரை ஏற்பதில்லை என்பதால் அனுப்பும் நகலுக்கு மட்டும் ஆங்கில எழுத்து போதும்.

படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் வசதி இருக்கிறதே, பெயர் எதற்கு என்று கேட்கலாம். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் அச்சிட்ட தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் மென்பொருளுக்கும் தமிழ் தெரியும். ஆனால் 1950-களில் பத்திர எழுத்தர் மைக்கூட்டில் தொட்டு எழுதிய கூட்டெழுத்தை இவற்றிடம் நம்பி விட முடியாது. அந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் நகல் மூலப்பத்திரம் ஆகாது. 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் அரசுத் துறையே நேரடியாக வழங்கும் சான்றிதழ், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமம். நாமாக ஸ்கேன் எடுத்து அதில் ஏற்றுகிற படத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆனாலும் அசல் போய்விட்டால் மறுநகல் வாங்க, அதன் எண்ணும் தேதியும் தெரிந்திருப்பது பாதி வேலையை முடித்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் போன சான்றிதழ்களுக்காகத் தமிழக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டிவந்தது. பீரோவும் கணினியும் ஒரே தரைத்தளத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். எனவே ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் பென்டிரைவிலோ, கிளவுடிலோ இருக்கட்டும். ஆதார், பான் இருக்கும் ஃபோல்டருக்குக் கடவுச்சொல் போட்டு, அதை நம்பிக்கையான இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, வீட்டில் கணினிப் பக்கம் அதிகம் வராதவரைக் கூப்பிட்டு, "வீட்டுப் பட்டாவை எடுங்க" என்று சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் பாருங்கள். அவர் எந்த ஃபோல்டரில் தயங்குகிறாரோ அதன் பெயரை அவரையே கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே மாற்றுங்கள்.