கிழ வண்டிக்கு வாலிப எஞ்சின்!

வீட்டுக் கொட்டகையிலேயே நடக்கும் மாற்று வைத்தியம்

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மேனியில் துரு இல்லை. சேற்றிலும் மலையிலும் நடக்கக் கால்களில் வலு இருக்கிறது. ஆனால், மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது. தீனியோ, யானைத் தீனி!

யாரைப் பற்றிய பேச்சு இது? மனிதரைப் பற்றி அல்ல. ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி. காடு மேடெல்லாம் ஏறி இறங்கும் 'லாண்ட் ரோவர்' என்ற ஆங்கில நாட்டு வண்டிதான் அது.

இப்படிப்பட்ட கிழ வண்டியை இங்கிலாந்தில் பலர் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதில்லை. அதன் களைத்துப் போன எஞ்சினைக் கழற்றிவிட்டு, பிற்காலத்து வண்டி ஒன்றின் எஞ்சினை எடுத்து அதில் பொருத்திவிடுகிறார்கள். பெரிய தொழிற்சாலையில் அல்ல. வீட்டை ஒட்டிய கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமைகளில், தகப்பனும் பிள்ளையுமாகச் சேர்ந்து செய்கிறார்கள்!

இது எப்படி முடிகிறது? இதில் என்ன லாபம்? என்ன அபாயம்?

மணலில் பிறந்த வண்டி

முதலில் அந்த வண்டியின் பிறப்பைத் தெரிந்துகொள்வோம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். ரோவர் மோட்டார் கம்பெனியின் தலைமை என்ஜினீயராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஆங்கிள்ஸி தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணை வேலைக்கு, பட்டாளம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார்.

இதைப் போன்ற வண்டியை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. 1947-ஆம் ஆண்டு, அத்தீவின் ரெட் வார்ஃப் கடற்கரையில் மணலில் கோடு கிழித்து, வண்டியின் வடிவத்தைத் தம் தமையனார் ஸ்பென்ஸருக்கு விளக்கினார். மறு ஆண்டே, 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று.

அப்போது பிரிட்டனில் எஃகுக்குப் பஞ்சம். ஆகையால் வண்டியின் மேல்தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதுவே பிற்காலத்தில் பெரிய அதிர்ஷ்டமாகிவிட்டது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை அல்லவா? எத்தனையோ வண்டிகள் இன்றும் உருக்குலையாமல் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் ஒன்று. அடியில் எல்லாவற்றையும் தாங்கும் சேஸிஸ் எஃகினால் ஆனது. அது துருப்பிடிக்கும். எஞ்சினை மாற்ற நினைப்பவர்கள் முதலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது சேஸிஸைத்தான். அஸ்திவாரம் உளுத்துப்போன வீட்டுக்கு மாடி கட்டுவார் உண்டா?

மூச்சிரைப்பு ஏன்?

1958-ஆம் ஆண்டு முதல் இவ்வண்டியில் 2,286 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. நான்கு சிலிண்டர்கள். சக்தி சுமார் 70 குதிரை. வயலில் உழைக்கவும், மண் பாதையில் போகவும் அது தாராளமாகப் போதும்.

ஆனால் காலம் மாறிவிட்டது. பாதைகள் அகலமாயின. மற்ற வண்டிகள் மணிக்கு 60, 70 மைல் வேகத்தில் பறக்கின்றன. பழைய லாண்ட் ரோவர் 50 மைலைத் தொட்டாலே காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெட்ரோல் செலவும் கொஞ்சமல்ல. ஒரு லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது.

வண்டியை விற்கவும் மனமில்லை. வைத்து ஓட்டவும் கட்டுப்படியாகவில்லை. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகத்தான் எஞ்சின் மாற்றம் வந்தது.

எஞ்சின் கொடுக்கும் வண்டி

1989-ஆம் ஆண்டு அதே குடும்பத்தில் 'டிஸ்கவரி' என்ற வண்டி பிறந்தது. அதில் '200 டி.டி.ஐ.' என்ற டீசல் எஞ்சினும் வந்தது. அளவு 2,495 கன சென்டிமீட்டர். சக்தி 111 குதிரை.

இந்த எஞ்சினில் 'டர்போ' என்ற சாதனம் உண்டு. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சின்னஞ்சிறு சக்கரம் சுழலும். அது வெளிக் காற்றை எஞ்சினுக்குள் நெருக்கித் திணிக்கும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம்; சக்தியும் கூடும். ஊதுலையில் துருத்தியை மிதித்தால் நெருப்பு சீறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே தத்துவந்தான்.

டிஸ்கவரியின் உள்கூடும் தரையும் எஃகுத் தகடு. பிரிட்டனின் மழையிலும், பனிக்காலத்தில் பாதையில் தூவும் உப்பிலும் அது அரித்துப்போயிற்று. எஞ்சினோ உழைத்துக்கொண்டே இருந்தது. உடம்பு போன டிஸ்கவரி ஒரு பக்கம். உடம்பு நன்றாயிருந்தும் மூச்சிரைக்கும் கிழ லாண்ட் ரோவர் மறு பக்கம். இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல வண்டி!

பொருத்தத்தின் ரகசியம்

எந்த எஞ்சினையும் எந்த வண்டியிலும் வைத்துவிட முடியுமா? முடியாது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல இங்கும் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருத்தம் அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது.

1989-ஆம் ஆண்டு எஞ்சின், 1958-ஆம் ஆண்டு எஞ்சினின் வம்சத்தில் வந்தது. இரண்டிலும் சிலிண்டரின் குறுக்களவு ஒன்றே: 90.47 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் மட்டும் 88.9 மில்லிமீட்டரிலிருந்து 97 மில்லிமீட்டராகக் கூடியது. அதைவிட முக்கியம், எஞ்சினின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகள். முப்பது ஆண்டுகளாகியும் அவற்றின் அமைப்பை மாற்றாமல் வைத்திருந்தார்கள்.

ஆகவே பழைய எஞ்சினின் ஃபிளைவீல் உறையைக் கழற்றிப் புதிய எஞ்சினின் முதுகில் மாட்டலாம். அதன் வழியாகப் பழைய கியர் பெட்டியோடு இணைக்கலாம். அப்பன் சட்டை பிள்ளைக்குச் சரியாக இருந்த கதைதான்!

இன்னொரு சௌகரியமும் உண்டு. இந்த எஞ்சினை நடத்தக் கம்ப்யூட்டர் வேண்டாம். டீசலைப் பீச்சும் பம்பு முழுவதும் இயந்திர வேலைப்பாடு. டீசல் வழியைத் திறக்க ஒரு மின்கம்பி, குளிரில் சிலிண்டரைச் சூடாக்க ஒரு கம்பி, ஸ்டார்ட்டருக்கு ஒரு கம்பி. பெரும்பாலும் அவ்வளவே. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த குடியானவரும் துணிந்து இறங்குவது இதனால்தான்.

இறக்குவதும் ஏற்றுவதும்

முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுகிறார்கள். பெட்ரோலையும் தண்ணீரையும் எண்ணெயையும் வடிக்கிறார்கள். பிறகு மேல்மூடியைத் தூக்கி வைக்கிறார்கள். இந்த வண்டியில் ரேடியேட்டரும் அதைத் தாங்கும் முன்தட்டும் சேர்ந்தே கழன்று வரும். எதிரே வழி திறந்துவிடும்.

எஞ்சினின் எடை சுமார் 200 கிலோ. சங்கிலிக் கப்பியிலோ சிறு கிரேனிலோ கட்டித் தூக்க வேண்டும். இங்கேதான் முதல் அபாயம். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக்கூடாது. வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கக்கூடாது; உறுதியான தாங்கிகள் வேண்டும். குழந்தைகளுக்கு வேடிக்கை பார்க்க ஆசை இருக்கும். அவர்கள் வாசற்படியிலேயே நிற்கட்டும்!

புதிய எஞ்சின் வெளியே இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய எஞ்சினில் வால்வுகளை நடத்தியது இரும்புச் சங்கிலி. இதில் பல் வைத்த ரப்பர் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் உள்ளே சேதம் உண்டாகும். ஆகையால் புதிய பெல்ட் மாட்டிய பிறகே எஞ்சினை ஏற்றுவார்கள்.

ஏற்றும்போது பொறுமை வேண்டும். கியர் பெட்டியின் தண்டு, கிளச்சின் நடுத் துவாரத்தில் நேராக நுழைய வேண்டும். நுழையவில்லையே என்று போல்ட்டை முறுக்கி இழுத்தால் ஏதாவது ஒன்று உடையும். சற்றே தூக்கி, சற்றே அசைத்தால் தானாக உட்கார்ந்துவிடும்.

எல்லாம் தானாகப் பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ்வாக இருப்பதால் சேஸிஸ் பக்கம் இடிக்கும். எஞ்சினைத் தாங்கும் கால்களைப் புதிதாகச் செய்ய நேரும். புகைக்குழாயை வளைக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியைச் சுத்தம் செய்து, மிஞ்சிய டீசல் திரும்பி வர ஒரு குழாய் வைக்க வேண்டும். காலித் தொட்டி என்று நினைத்து அதன் அருகே நெருப்பைக் கொண்டுபோனால், உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி வெடித்துவிடும். ஜாக்கிரதை!

ஓடினால் போதுமா?

வேலை முடிந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமுகிறது. வீடே கைதட்டுகிறது. மேடு ஏறும்போது மூச்சிரைப்பு இல்லை. லிட்டருக்கு 10 கிலோமீட்டர்வரை கிடைக்கிறது. இனி என்ன கவலை என்று தோன்றும்.

உண்மையான கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

70 குதிரைக்காகச் செய்த கியர் பெட்டியையும் சக்கர அச்சையும் இப்போது 111 குதிரை இழுக்கிறது. முரட்டுத்தனமாகக் கிளச்சை விட்டால் அச்சு முறியலாம். இதை உணர்ந்த சிலர், டர்போவைக் கழற்றி வைத்துவிட்டே எஞ்சினைப் பொருத்துகிறார்கள். சக்தி குறையும், ஆனால் பழைய உறுப்புகள் பிழைக்கும். கிடைத்த பலத்தையெல்லாம் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லையே!

கியர் விகிதத்தையும் கவனிக்கிறார்கள். பழைய வண்டியில் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்கு, அதைச் சுழற்றும் தண்டு 4.7 முறை சுற்ற வேண்டும். பிற்காலத்து 3.54 விகித டிஃபரன்ஷியலை மாட்டினால், அதே எஞ்சின் சுற்றில் வண்டி மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம் போகும். இரைச்சலும் அடங்கும். ஆனால் செங்குத்தான மலைச் சரிவில் பழைய நிதானம் கொஞ்சம் குறைந்துவிடும். ஒன்றைப் பெற ஒன்றை விடத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் பிரேக். பழைய வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். 40 மைல் வேகத்தில் போனது 60 மைலில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு! இது இயற்கையின் கணக்கு. இதில் தள்ளுபடி கிடையாது.

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் எஞ்சினைத் தொடுமுன் பிரேக்கைத் தொடுகிறார்கள். குட்டை வண்டிக்கு, நீள வண்டியின் 11 அங்குல டிரம் பிரேக்கை முன்சக்கரத்தில் பொருத்துகிறார்கள். மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் 'சர்வோ' வைக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் சர்வோவுக்கு வேண்டிய உறிஞ்சு சக்தி எஞ்சினிலிருந்தே கிடைத்தது. டீசலில் அப்படிக் கிடைக்காது. அதற்கென்று உள்ள தனிப் பம்பை இணைக்க மறந்தால் சர்வோ உதவாது. ஆபத்து நேரத்தில் காலால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காமல் போகக்கூடும்.

ஓடுகிற பலத்துக்குத் தக்க நிற்கிற பலம் வேண்டும். வண்டியில் ஏறி உட்காரப்போவது மனைவி மக்கள் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் எஞ்சினை மாற்றியவர், புதிய எஞ்சினின் நம்பர், அளவு, எரிபொருள் ஆகியவற்றை வாகனப் பதிவு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். மறைத்தால், விபத்து நேரும்போது நஷ்டஈடு கேட்டுப் போராட நேரிடும்.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாறுதல்களைப் பற்றியது. பழைய ஜீப்புக்குப் புது எஞ்சின் வைக்கலாமா என்று எண்ணுகிறவர்கள், ஸ்பானரை எடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுவது அவசியம்.

பழசையும் போற்றுவோர்

எஞ்சின் மாற்றத்தை எதிர்ப்பவர்களும் உண்டு. "பிறந்தபடியே இருந்தால்தான் பழைய வண்டிக்குப் பெருமை" என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆகையால் கெட்டிக்காரர்கள் சேஸிஸை வெட்டாமல் வேலை செய்கிறார்கள். கழற்றிய பழைய எஞ்சினையும் எறிந்துவிடுவதில்லை. எண்ணெய் தடவி, துணி சுற்றி, கொட்டகை மூலையில் வைக்கிறார்கள். போல்ட்டுகளைக்கூடத் தகர டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டி வைப்பார்கள்.

நாளைக்கே பேரப்பிள்ளை ஒருவன், "தாத்தா ஓட்டிய வண்டி எப்படி இருந்ததோ, அப்படியே வேண்டும்" என்று கேட்கலாம். அப்போது அவனும் அதே போல்ட்டுகளைக் கழற்றி, அதே துளைகளில் பழைய எஞ்சினை மாட்டிக்கொள்ளலாம்.