விழித்தெழ மறுக்கும் கணிப்பொறி

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருத்தி துணிப்பையில் ஒரு மடிக்கணினியைச் சுமந்துகொண்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். கும்மிடிப்பூண்டியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து தினமும் மின்சார இரயிலில் வருபவள். தந்தை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவர்.

"சார், புது விண்டோஸ் ஏத்தினோம். பாதியில தானா அணைஞ்சு எரிஞ்சுது. அப்புறம் பூட் ஆகவே மாட்டேங்குது. கடையில கேட்டா, எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க. புராஜெக்ட் முழுக்க இதுலதான் சார் இருக்கு. திங்கட்கிழமை கொடுக்கணும்" என்றாள். கண்களில் நீர் முட்டி நின்றது.

அந்த மடிக்கணினி அவளுடைய அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்றது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. முதல் ஆண்டில் வந்த கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் போல, ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள்! அக்காள் பின்னர் பாஸை எடுத்துவிட்டு வேறொரு லினக்ஸ் ஏற்றியிருந்தாள். இப்போது விண்டோஸ் 7-க்கு வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுபோகவே, வீட்டில் விண்டோஸ் 10-க்கு மாற முயன்றிருக்கிறார்கள்.

பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி மறைந்தது. பிறகு கறுப்புத் திரையில், 'அறியாத கோப்பு முறை' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி. அதன் கீழ் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற இரு சொற்கள். பக்கத்தில் ஒரு சிறு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"உன் புராஜெக்ட் எங்கும் போகவில்லை அம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. நான் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? அதை அறிய, பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறிக்குள் என்ன நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணிப்பொறி வேலை செய்ய வேண்டுமானால், அதற்கான கட்டளைகள் நினைவகத்தில் இருக்க வேண்டும். ஆனால் நினைவகத்துக்கு மறதி அதிகம். அதன் ஒவ்வொரு சிற்றறையும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், ஏறத்தாழ 64 மில்லிவினாடிக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போயிற்று. ஆகவே பொத்தானை அழுத்தும் கணத்தில் நினைவகம் வெறுமை. இயங்குதளமோ வட்டில் உறங்குகிறது. அதை எடுத்து நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் நினைவகத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். அப்படியானால் அதை யார் ஏற்றுவது?

'பூட்' என்ற சொல்லே இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான். தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. நியூட்டன் விதிகளைப் படித்த உங்களுக்கு, அது நடக்காது என்று தெரியும். அக விசைகள் ஒரு பொருளின் நிறை மையத்தை நகர்த்தா. வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். கணிப்பொறிக்கு அந்த வெளிக் கை, தாய்ப்பலகையில் பொருத்தப்பட்டுள்ள ஒரு சிறு சில்லு. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழிவதில்லை. செயலி விழித்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே முகவரிக்குத்தான் போகும்: 32 பிட் செயலிகளில் அது 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கிறது. அங்கே இந்தச் சில்லின் நிரல் காத்திருக்கும். 'பயாஸ்' என்பது அதன் பெயர்.

பயாஸ் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது. நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, வட்டு இருக்கிறதா? எல்லாம் சரியென்றால் வட்டின் முதல் துண்டை மட்டும் படிக்கிறது. அதன் அளவு 512 பைட். இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியைக்கூட அதில் அடக்க முடியாது! அந்த 512-இலும் 446 பைட்தான் நிரலுக்கு. அடுத்த 64 பைட், வட்டு எந்தெந்தப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. கடைசி இரண்டு பைட் ஒரு முத்திரை. முத்திரை சரியாக இருந்தால் பயாஸ் பொறுப்பை அந்த 446 பைட்டிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

446 பைட்டில் என்ன பெரிய வேலை செய்துவிட முடியும்? "என் அண்ணன் இன்ன இடத்தில் இருக்கிறான், அவனைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லலாம், அவ்வளவுதான். அண்ணன் சில பத்து கிலோபைட் நீளமுள்ளவன். முதல் துண்டுக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையிலுள்ள சந்தில் வசிக்கிறான். அவன் தன் மூத்தவனைக் கூப்பிடுகிறான். அவன் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறான். மூத்தவன்தான் "விண்டோஸா, லினக்ஸா?" என்ற பட்டியலைத் திரையில் காட்டுகிறான். இந்த மூவருக்கும் சேர்த்துப் பெயர் 'க்ரப்'. நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான 'கெர்னல்' நினைவகத்தில் ஏறுகிறது. அது வன்பொருள்களுக்கான டிரைவர்களை எழுப்புகிறது. கடைசியில் உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வருகிறது.

ஆக, இது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் தன்னைவிடச் சற்றுப் பெரிய அடுத்த கண்ணியை மட்டும் அறியும். இடையில் ஒன்று அறுந்தாலும் கணிப்பொறி எழாது. ஆனால் சங்கிலி அறுந்ததனால், அதன் மறுமுனையில் கட்டியிருக்கும் பெட்டி காணாமற் போவதில்லை. புராஜெக்ட் கோப்பு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

மாணவியின் கணினியில் அறுந்தது எந்தக் கண்ணி? சின்னம் தோன்றியது, எனவே பயாஸ் நலம். 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற சொற்கள் வந்தன. எனவே 446 பைட்டும் நலம், சந்திலிருந்த அண்ணனும் நலம். அவர்களுக்கு மூத்தவனைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன்?

சென்னையில் பல வீட்டு வாசல்களில் 'பழைய எண் 5, புதிய எண் 6' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். புதிய இயங்குதளம் ஏறும்போது, பிற்காலப் பழுதுபார்ப்புக்கென்று சில நூறு மெகாபைட்டில் ஒரு சிறு பார்ட்டிஷனைச் சில சமயம் தானாக உண்டாக்கிக்கொள்கிறது. தெருவின் நடுவே ஒரு புது வீடு முளைத்தது. அது 5-ஆம் எண்ணை எடுத்துக்கொண்டது. 5-ஆக இருந்த லினக்ஸ் 6 ஆயிற்று. அண்ணனிடம் இருந்ததோ பழைய முகவரி. 5-ஆம் வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து புரியாத மொழியில் யாரோ பேசுகிறார்கள். 'அறியாத கோப்பு முறை' என்பதன் பொருள் அதுதான். நடுவில் கணினி தானாக அணைந்து எரிந்ததும் பழுதன்று. இயங்குதளம் மாறும்போது அப்படிச் சில முறை நடப்பது வழக்கமே. அப்படி எரிந்த ஒரு முறை, வழி தெரியாமல் நின்றுவிட்டது.

மினுக்கிக்கொண்டிருந்த கோட்டின் அருகே அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். முதலில் 'எல்', 'எஸ்' என்ற இரண்டே எழுத்துகள். எந்தெந்த வீடுகள் இருக்கின்றன என்ற பட்டியல் வந்தது. ஒவ்வோர் எண்ணாகக் கொடுத்துப் பார்த்தாள். 5-க்கு மறுபடியும் அதே புகார். 6-க்கு, லினக்ஸின் கோப்புறைப் பெயர்கள் வரிசையாக வந்தன. "இனி முகவரி 6" என்று பொருள்படும் கட்டளையைக் கொடுத்து, மூத்தவனைக் கூப்பிடும் இரண்டு வரிகளையும் தட்டினாள். பழைய பட்டியல் திரையில் வந்து நின்றது. லினக்ஸுக்குள் போய், அங்கிருந்தபடியே விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்து, புராஜெக்டை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் புது முகவரியை வட்டில் நிலையாக எழுதினோம். இந்த வரிசையை மாற்றக்கூடாது. எழுதுவதில் தவறு நேர்ந்தால் பிறகு வருந்திப் பயனில்லை. விண்டோஸ், விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடர்ந்து முடித்துக்கொண்டது.

ஃபார்மட் செய்வதுதான் வழி என்று சொன்ன கடைக்காரரை நான் குறை கூறமாட்டேன். நாளுக்குப் பத்துக் கணினி வந்தால், ஒவ்வொன்றிலும் துப்பறிந்துகொண்டிருக்க அவருக்கு நேரம் ஏது? ஆனால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. மின்சுற்றில் பழுது காணும்போது, எந்தப் புள்ளி வரை மின்னழுத்தம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறோம் அல்லவா? இங்கும் அதே முறை. திரையில் கடைசியாகத் தோன்றியது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே தோன்றாமல் 'பீப்' ஒலி மட்டும் கேட்டால் குற்றம் நினைவகத்திலோ வேறு வன்பொருளிலோ இருக்கலாம். இயங்குதளத்தின் முறை அங்கே வரவேயில்லை. சின்னம் வந்தபின் 'பூட் செய்ய வட்டு இல்லை' என்று வந்தால், பயாஸ் தவறான இடத்தில் தேடுகிறது. வட்டப் புள்ளிகள் சுழன்றபின் நீலத்திரை வந்தால் கெர்னல் ஏறிவிட்டது. பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் அதனுடன் ஒத்துப்போகவில்லை.

இரண்டாவது வகைக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். தொழிற்பேட்டையில் ஓர் எடைமேடை. இரும்புக் கழிவு ஏற்றிய லாரிகள் சாலை வரை நிற்கின்றன. முந்தின இரவு புதிய இயங்குதளம் ஏற்றிய கணிப்பொறி காலையில் எழவில்லை. நண்பர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அரை மணி நேரம் ஏதேதோ செய்யச் சொன்னேன். பிறகுதான், "பின்புறம் எதாவது செருகியிருக்கிறதா?" என்று கேட்கத் தோன்றிற்று. இயங்குதளத்தை ஏற்றப் பயன்படுத்திய பென் டிரைவை எடுக்கவேயில்லை! பயாஸ் அதைத்தான் முதலில் தேடிப்போயிருக்கிறது. உருவியதும் எடைமேடை வேலை செய்தது. அந்தக் கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது வரும் கணிப்பொறிகளில் பயாஸுக்குப் பதில் 'யூஇஎஃப்ஐ' இருக்கிறது. 64 பைட் அட்டவணையின் கதையை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். அதில் துண்டுகளின் எண்ணை எழுத 32 பிட்தான் இடம். 2-இன் 32-ஆம் அடுக்கை 512-ஆல் பெருக்குங்கள், சுமார் 2.2 டெராபைட் வரும். அதற்கு மேற்பட்ட வட்டை அந்த அட்டவணையால் முழுதாக ஆள முடியாது. புதிய முறையில் பெரிய அட்டவணை உண்டு. ஏற்றும் நிரல்களுக்கென்றே தனிப் பார்ட்டிஷனும் உண்டு. 'செக்யூர் பூட்' என்ற காவலாளியும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கையொப்பம் இல்லாத நிரலை அவன் உள்ளே விடமாட்டான்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ யூஇஎஃப்ஐ முறை தேவை. எனவே பலர் அமைப்புத் திரைக்குள் சென்று பழைய முறையைப் புதியதாக மாற்றிவிடுகிறார்கள். வட்டின் அட்டவணை பழையதாகவே இருக்கும். கணிப்பொறி 'வட்டு இல்லை' என்று கையை விரிக்கும். பயப்பட வேண்டாம். மாற்றிய அமைப்பைப் பழையபடி வைத்தாலே எழுந்துவிடும். வட்டு முழுவதும் பூட்டிடப்பட்ட கணினியென்றால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எண் இல்லாமற்போனால் அந்தக் கோப்புகளை எந்தப் பேராசிரியராலும் மீட்டுத் தர முடியாது.

மூன்றாவது வகை, அதாவது கெர்னல் ஏறியபின் விழுவது, 2024 ஜூலை 19 அன்று உலகத்தையே நிறுத்தி வைத்தது. அது இயங்குதள மாற்றமன்று; கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு திருத்தக் கோப்பு. அதைப் படிக்கும் டிரைவர் கணிப்பொறி எழும்போதே எழுவது. பிழையான கோப்பைப் படித்ததும் கெர்னலையும் சேர்த்து வீழ்த்தியது. மறுபடி எழும்; மறுபடி விழும். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் இப்படிச் சிக்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுத்தார்கள். நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திருத்தத்தைத் திரும்பப் பெற்றும், விழுந்துவிட்ட கணிப்பொறிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? எழுந்தால்தானே இணையம்! ஆட்கள் பல இடங்களில் ஒவ்வொரு பெட்டியாகச் சென்று, அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் எழுப்பும் 'சேஃப் மோட்' வழியாக உள்ளே புகுந்து, அந்த ஒரு கோப்பை அழித்தார்கள்.

எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இப்போது ஒரு பென் டிரைவ் தொங்குகிறது. அதில் ஒரு முழு லினக்ஸ் இருக்கிறது. வட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணிப்பொறியை எழுப்பிக் கோப்புகளைப் படியெடுக்கலாம். நீங்களும் கணினி நலமாக இருக்கும்போதே ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 8 ஜிகாபைட் போதும். இயங்குதளம் மாற்றும் நாளில் சார்ஜரைச் செருகியே வையுங்கள். எங்கள் பக்கத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பழைய மடிக்கணினியின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது.

அந்த மாணவி திங்கட்கிழமை புராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் பேனாவால் எழுதியிருந்தாள்: 'பழைய எண் 5, புதிய எண் 6.'