மலையாகிப் போன விலங்குகள்

மதுரையின் காளவாசலுக்கு மேற்கே, தேனி சாலையை ஒட்டி நீண்டு கிடக்கும் குன்றுத்தொடர் நாகமலை. தெற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் பசுமலை. நகரின் வடகிழக்கே யானைமலை.

மூன்றுக்கும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கதை உண்டு. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையைச் சிவனாகிய சோமசுந்தரர் வில்வீரராக வந்து எய்தார். அடுத்து வந்த நாகத்தைப் பாண்டியன் அம்பால் வீழ்த்தினான். பின்பு ஏவப்பட்ட மாயப்பசுவோ, எதிரே வந்த நந்தியின் அழகில் மயங்கி உயிர்விட்டது. மூன்றும் மலைகளாயின. யானைமலையைத் தொலைவிலிருந்து பார்த்தால் துதிக்கை நீட்டிப் படுத்த யானையே தெரியும். கதை இத்தனை காலம் நிலைத்ததற்கு அந்த உருவம் பெரிய காரணம்.

மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய மண்டபச் சுவர்களில் திருவிளையாடற் காட்சிகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. படிக்கத் தெரியாதவரும் கதையை நடந்தபடியே பார்த்து அறிந்தனர்.

விலங்குக் கதையைப் படமாக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் செழிப்பானது. தான்சானியாவின் எட்வர்ட் சைதி டிங்காடிங்கா, 1968 முதல் தார் எஸ் சலாம் நகரில், சைக்கிளுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டால் பலகைகளில் விலங்குகளை வரைந்தார். 1972-இல் அவர் மறைந்தபின் அவரது பாணியைச் சீடர்கள் வளர்த்தனர். நைரோபியின் கலைஞர்கள் அதைக் கணினிக்குக் கொண்டுவந்து, ‘டிங்கா டிங்கா டேல்ஸ்’ என்ற அசைவூட்டத் தொடராக்கினர்; அது 2010-இல் ஒளிபரப்பானது. யானைக்குத் துதிக்கை வந்தது எப்படி என்பது போன்ற ஆப்பிரிக்க நாட்டார் கதைகளே அதன் அத்தியாயங்கள்.

மீண்டும் மதுரைக்கு வருவோம்: நாகமலையை அருகில் காண, தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்குச் செல்லவும். யானைமலைக்கு மேலூர் சாலையில் ஒத்தக்கடை.