ஊராட்சித் தலைவரால் எதைச் செய்ய முடியும்?

சிதம்பரத்தை அடுத்த குமராட்சிப் பக்கம் தெருவிளக்கு எரியவில்லையா? ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம், அது அவர் வேலை. கொள்ளிடக் கரை அரித்தால் அவர் மனுதான் எழுத முடியும். கரை நீர்வளத் துறையுடையது. ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு, ஆசிரியரை மாற்றுவதோ கல்வித் துறையின் வேலை. நாம் ஓட்டுப் போட்டவருக்கு ஏன் இவ்வளவுதான் அதிகாரம்?

காரணம் ஒரு சொல். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கென 29 துறைகளைப் பட்டியலிட்டது. ஆனால் மாநிலச் சட்டமன்றம் அவற்றுக்கான அதிகாரத்தை ‘வழங்கலாம்’ என்றுதான் 243ஜி பிரிவு சொல்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. நகரங்களுக்கும் இதே கதைதான். கடலூர் 2021-இல் மாநகராட்சியானது. சிதம்பரம் நகராட்சியாகவே இருக்கிறது. இரண்டுக்கும் அதிகாரம் மாநிலம் இயற்றிய சட்டத்திலிருந்தே வருகிறது.

அமெரிக்காவில் 1868-இல் ஜான் டில்லன் என்ற நீதிபதி இதையே விதியாக எழுதினார்: மாநிலம் கொடுத்தது மட்டுமே உள்ளாட்சியின் அதிகாரம். அதற்கு மாற்றாக வந்ததுதான் ‘ஹோம் ரூல்’. மாநிலம் தடுக்காததை உள்ளாட்சி தானே செய்துகொள்ளலாம். கலிஃபோர்னியா 1911-இல் தன் மாவட்டங்களுக்கும், அதாவது கவுன்டிகளுக்கும், இந்த வழியைத் திறந்தது.

ஆனால் நம் மாவட்ட ஊராட்சிக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் கிராம ஊராட்சியோடு நின்றுவிடுகின்றன. முன்பு நம் பகுதிக்கு இருந்த தென்னார்க்காடு ஜில்லா போர்டு, ‘செஸ்’ என்ற வரி வாங்கிச் சாலை போட்டது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளையே கலைத்தது. இன்று கிராம ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர். ஊராட்சியின் தீர்மானத்தை அவர் நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம். சட்டத்தில் சொன்ன காரணமும் நடைமுறையும் இருந்தால் தலைவரையே நீக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவரை ஓர் அதிகாரி நீக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிட வருத்தம் தருவது தேர்தல் தள்ளிப்போவது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் என்கிறது அரசியலமைப்பு. நம் மாவட்டத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிய, மீண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

கிராம சபைக்கு மட்டும் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் அது கட்டாயம் கூட வேண்டும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், ஊராட்சியின் வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் அங்கே கேட்டு வாங்கிப் பாருங்கள்.