நீரை நாடுவனவும் நீரை விலகுவனவும்



நான் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துவந்த நாட்களில், ஒரு கண்ணாடிக் குவளையில் நீரையும் நல்லெண்ணெயையும் ஊற்றிக் கலக்கிக் காட்டுவது வழக்கம். சிறிது நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். "ஏன் ஐயா பிரிகிறது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "எண்ணெய்க்கு நீரைப் பிடிக்காது" என்று கூறிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றேன். அவ்விடை முழு உண்மையன்று என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். அன்று குறையாக விட்ட பாடத்தை இன்று நிறைவு செய்ய விரும்புகிறேன். ஏனெனில், அந்தக் குவளையில் நிகழ்ந்த செயலே நம் உடலிலுள்ள புரதங்களுக்கு உருவம் தருவதிலும் பெரும் பங்கு கொள்கிறது.

நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் பிடிப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பவை. சர்க்கரையை இட்டால் அதனையும் பற்றிக்கொள்ளும். அதனால் சர்க்கரை கரைகிறது. எண்ணெயிடமோ பற்றுவதற்குரிய பிடி இல்லை. ஆகவே, அதனைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தம்முள் உள்ள பிணைப்பைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, விருப்பம்போல் திரும்பும் உரிமையை இழந்து ஒழுங்குபட்டு நிற்க நேர்கிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடினால் நீரைத் தொடும் பரப்புக் குறையும். கட்டுண்ட மூலக்கூறுகள் பல விடுதலை பெறும். ஆதலின், எண்ணெய் ஒதுங்குவது வெறுப்பினால் அன்று. நீரே அதனை ஒதுக்கிவிடுகிறது.

இனிப் புரதத்திற்கு வருவோம். அமினோ அமிலங்கள் என்னும் மணிகளை வரிசையாகக் கோத்த மாலையே புரதம். அம்மணிகளுள் தலையானவை இருபது வகை. மாலையின் நூல்போன்ற முதுகுப்பகுதி எங்கும் ஏறக்குறைய ஒரே தன்மையது. அதிலிருந்து நீளும் கிளைகளே வகைக்கு வகை வேறுபடுவன. லைசின், குளுட்டாமிக் அமிலம் முதலியவற்றின் கிளைகள் மின்னூட்டம் உடையவை. அவை நீரை நாடுவன. லூசின், வாலின் முதலியவற்றின் கிளைகள் எண்ணெய்த் தன்மை உடையவை; அவை நீரை விலகுவன.

1951-ஆம் ஆண்டில் லினஸ் பாலிங் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய துணைவர்களும், இம்மாலை திருகுசுருளாகச் சுருளக்கூடும் என்று கணித்துக் காட்டினர். அதனை ஆல்ஃபா சுருள் என்பர். ஒவ்வொரு மணியின் முதுகுப்பகுதியும் அதற்கு அடுத்த நான்காவது மணியின் முதுகுப்பகுதியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்து சுருளைக் கட்டிக்காக்கிறது. கிளைகள் எல்லாம் வெளிநோக்கி நீண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு 3.6 மணிகள், அதாவது, ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே 100 பாகைத் திருப்பம்.

ஒரு பென்சிலின்மேல் காகித நாடாவைச் சுருளாகச் சுற்றி, 100 பாகைக்கு ஒரு புள்ளியிட்டு எண்ணிட்டுப் பாருங்கள். 1, 4, 5, 8, 11, 12, 15 ஆகிய எண்கள் பென்சிலின் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். இவ்விடங்களில் நீரை விலகும் மணிகளும் ஏனைய இடங்களில் நீரை நாடும் மணிகளும் அமைந்தால், சுருளின் ஒரு பக்கம் எண்ணெய்ப் பக்கமாகவும் மறுபக்கம் நீர்ப் பக்கமாகவும் ஆகிவிடும். நீரில் இருக்கும் அத்தகைய சுருள் என்ன செய்யும்? தன் எண்ணெய்ப் பக்கத்தை மற்றொரு சுருளின் எண்ணெய்ப் பக்கத்தோடு சேர்த்து உள்ளே மறைத்துக்கொள்ளும். நீர்ப் பக்கம் வெளியே நிற்கும்.

இதற்குச் சான்று மையோகுளோபின். தசைகளில் ஆக்ஸிஜனைச் சேமித்துவைக்கும் இப்புரதத்தில் 153 அமினோ அமிலங்களும் எட்டுச் சுருள்களும் உள்ளன. இதன் நுண்ணிய அமைப்பை ஜான் கெண்ட்ரூ குழுவினர் 1960-இல் வெளியிட்டனர். உட்புறம் பெரும்பாலும் எண்ணெய்த் தன்மையுடைய கிளைகளாகவும், மின்னூட்டமுள்ள கிளைகள் ஏறக்குறைய யாவும் வெளிப்புறத்திலும் இருக்கக் கண்டனர். 1962-இல் கெண்ட்ரூவும் ஹீமோகுளோபினை ஆராய்ந்த மாக்ஸ் பெரூட்சும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சூழல் மாறினால் விதியின் பயனும் மாறும். நம் உயிரணுக்களின் சவ்வு உள்ளே கொழுப்பால் ஆனது. அதனை ஊடுருவி நிற்கும் சுருள் ஏறக்குறைய 20 மணிகள் நீளத்திற்குப் பெரும்பாலும் நீரை விலகும் மணிகளையே கொண்டிருக்கும். கண்ணின் விழித்திரையிலுள்ள ரோடாப்சின் என்னும் புரதம் இவ்வாறு ஏழு சுருள்களால் சவ்வைக் கடந்து நிற்கிறது.

இவ்வொழுங்கில் ஓரிடம் தவறினால் யாது நேரும்? நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 மணிகள் உண்டு. ஆறாவது மணி, முதற்சுருளின் வெளிப்புறத்தில் நீரை நோக்கி நிற்கும் குளுட்டாமிக் அமிலம். அரிவாள் செல் சோகை உடையோரிடம் அவ்விடத்தில் நீரை விலகும் வாலின் இருப்பதை வெர்னான் இங்கிரம் 1957-இல் நிறுவினார். இம்மாற்றத்தால் சுருள் குலைவதில்லை. ஆனால், ஆக்ஸிஜனை இழந்த நிலையில் அந்த வாலின், பக்கத்து மூலக்கூறிலுள்ள எண்ணெய்த் தன்மையுடைய பள்ளத்தில் சென்று பொருந்துகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகின்றன, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைகின்றன, நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கின்றன. குழந்தை வலியால் துடிக்கிறது.

இது தொலைதேசத்துச் செய்தி மட்டுமன்று. லேமான், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர், நம் நீலகிரிப் பழங்குடி மக்கள் சிலரின் குருதியிலும் இத்தன்மை இருப்பதை 1952-இல் எழுதினர். பெற்றோர் இருவரிடமிருந்தும் இக்குறையுள்ள மரபணுவைப் பெறும் குழந்தைக்கே இச்சோகை உண்டாகிறது. அது எவருடைய சாபமும் அன்று. எவருடைய குற்றமும் அன்று. குருதிச் சோதனையால் அறியலாம். சிகிச்சையால் துன்பத்தைக் குறைக்கலாம். இதனை அறிந்தவர்கள், நோயுற்ற குடும்பத்தை ஒதுக்கிவைக்க மாட்டார்கள்.

அன்று கேட்ட சிறுவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். அவனைப் போலவே நீங்களும் "ஏன்?" என்று கேளுங்கள். ஆசிரியரின் விடை குறையாகத் தோன்றினால், மீண்டும் கேளுங்கள்.